ஆறிய தேநீரும் ஆற்றிய தேநீரும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் தலவாக்கலையைக் கடந்ததும், மலைச் சரிவுகளை வளைந்து வளைந்து தழுவியவாறு ஏறி, வட்டகொடை நிலையத்தை அடைகின்றது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிறிய நிலையம் அது. நிலையத்தின் நாற்புறமும் தேயிலை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மலைகள் தோன்றும். அம்மலைகளிலே காலைப் பனி கலையுமுன்னரே கொழுந்து கொய்யும் பெண்கள் ஏறிவிடுவர்.

அவர்கள் வேலை செய்யும் மலையின் ஓரத்தில், மர நிழலிலோ கல்லிடுக்கிலோ, போத்தல்கள் சில வைக்கப்பட்டிருக்கும். அதிகாலையில் வீட்டிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்த வெறுந்தேநீர் அவற்றில் இருக்கும். பத்து மணியளவில் அதைத் திறந்து பருகும்பொழுது தேநீர் ஆறியிருக்கும், நிறம் கறுத்திருக்கும், நாவைப் பிடிக்கும் கசப்பும் துவர்ப்பும் ஏறியிருக்கும். பருகுவோர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பருகுவர். தாகம் தீர வேண்டுமே!

உலகிலேயே சிறந்த தேயிலைகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது அம்மலைக் கொழுந்து. அக்கொழுந்தைக் கொய்யும் கைகளுக்குக் கிடைக்கும் தேநீர் இவ்வாறு கசப்பானேன்? இதற்குப் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. அவை பலரும் அறிந்தவை. ஆயினும், அடுப்படியிலேயே தீர்க்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. சூடாக அருந்துவதற்கென்று தயாரித்த தேநீரை ஆறவிட்டு அருந்துவது ஒன்று. குளிர்ந்த நிலையில் அருந்துவதற்கென்றே முறைப்படி தயாரித்து ஆற்றி எடுப்பது மற்றொன்று. முன்னையது ஆறிய தேநீர். பின்னையது ஆற்றிய தேநீர். ஓரெழுத்துத் தானே வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. அந்த வேறுபாட்டை உணர்ந்து, பழச்சாறும் அளவான சீனியும் சேர்த்து, இனிய குளிர்பானம் ஒன்றை வீட்டிலேயே எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதே இப்பேச்சின் பொருள்.

குளிர்ந்த தேநீர் மேல்நாட்டார் பழக்கமன்றோ, குளிர் நிறைந்த மலைநாட்டுக்கு அது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை காணுமுன் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

இலங்கையில் வாணிக நோக்கத்துடன் தேயிலை பயிரிடப்பட்டது 1867ஆம் ஆண்டிலாகும். கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் பத்தொன்பது ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். அடுத்த ஈராண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளைத் துரு நோய் பற்றியது. கோப்பி அழிந்த நிலங்களிலே தேயிலை பரவிற்று. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவரை எட்டியது. அதன் பின்னர், வட்டகொடை, தலவாக்கலை, அட்டன் முதலிய இடங்களின் தேயிலை பெட்டி பெட்டியாகக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிக் கடல் கடந்து செல்லலாயிற்று.

கடல் கடந்து சென்ற தேயிலை, சென்ற நாடுகளின் வழக்கத்துக்கேற்ப வடிவு மாறியது. இங்கிலாந்திலே பால் சேர்ந்தது. அமெரிக்காவிலே பனிக்கட்டி சேர்ந்தது. 1904ஆம் ஆண்டில் சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையின் சார்பில் சென்றிருந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர், கோடை வெயிலில் எவரும் சூடான தேநீரை நாடாமையைக் கண்டு, அதிற் பனிக்கட்டியை இட்டுக் கொடுத்தார் என்றும், அதுவே குளிர்ந்த தேநீரின் பிறப்பு என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானதுதான். ஆனால், 1879இலேயே அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துச் சமையல் நூலொன்றில் பனிக்கட்டியும் சீனியும் எலுமிச்சஞ் சாறும் சேர்ந்த தேநீரின் செய்முறை அச்சாகியுள்ளது. அதற்குப் பயன்பட்டது பச்சைத் தேயிலை. ஆகவே, கண்காட்சி அப்பானத்தைப் பிறப்பிக்கவில்லை. பலரறியச் செய்தது என்பதே பொருந்தும். இன்று அமெரிக்க மக்கள் அருந்தும் தேநீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குளிர்ந்த தேநீரே என அந்நாட்டுத் தேயிலைத் துறையினர் கணக்கிடுகின்றனர்.

அந்தப் பானம் இன்று இலங்கைக் கடைகளுக்கும் போத்தல் வடிவில் வந்துவிட்டது. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் தொழில் புரியும் மலையக இளைஞரும் யுவதியரும் தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஊர் திரும்பும்பொழுது, பலகாரப் பொதியுடன் இத்தகைய போத்தல்களையும் வாங்கி வருகின்றனர். வீட்டுக்குப் பின்னாலேயே விளையும் பொருள், சீனி மிகுந்து, விலை மிகுந்து, பளபளக்கும் போத்தலிலே திரும்பி வருகின்றது. அந்தப் பானத்தை அதே வீட்டு அடுப்பில், அதனினும் நன்றாக, மிகக் குறைந்த செலவில் ஆக்கிக்கொள்ள முடியும் என்பதை எடுத்துரைப்பது தகும்.

குளிர் நாட்டுக்கு எதற்கு என்ற வினாவுக்கும் இங்கே விடை கூறிவிடலாம். வட்டகொடைப் பகுதியில் தை முதல் பங்குனிவரை வறண்ட காற்று வீசும்; இரவிலே கடுங்குளிர், பகலிலே சுடுவெயில். டிம்புளைப் பகுதித் தேயிலை மணத்திற் சிறந்து விளங்குவதும் அக்காலத்திலேதான். கூடையைச் சுமந்துகொண்டு சரிவிலே நிற்பவர்க்கு அந்த வெயிலின் தாகம் நன்கு தெரியும். இனி, மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் வாழ்வோர்க்கு ஆண்டின் பெரும்பகுதி தாகத்தின் காலமே.

இனித் தேயிலையின் இயல்பை நோக்குவோம்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்த கொழுந்து, தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, உருளைப் பொறியில் அரைக்கப்பட்டு, காற்றுப்பட வைத்து நிறமேற்றப்பட்டு, சூட்டில் உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றது. ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். சலிக்கும்பொழுது பெரிய துணுக்குகள் ஒரு தரமாகவும், சிறியவை வேறொரு தரமாகவும், மிக நுண்ணியவை தூளாகவும் பிரிகின்றன. துணுக்கு எவ்வளவு சிறிதோ அவ்வளவு விரைவில் அதன் சாரம் நீரில் இறங்கும். இலைத் தேயிலைக்கு நான்கு நிமிடம் வேண்டுமாயின், தூளுக்கு இரண்டு நிமிடம் போதும். இந்த ஓர் உண்மையை மறப்பதனாலேயே பல வீடுகளிலே தேநீர் கசக்கின்றது. தூளை இட்டு நெடுநேரம் கொதிக்கவைப்பதும், ஒருமுறை பயன்பட்ட சக்கையை மீண்டும் கொதிக்கவைப்பதும், வடியாமல் போத்தலில் ஊற்றுவதும் துவர்ப்பை மேன்மேலும் இறக்கும். மணம் போய்விடும், துவர்ப்பு மட்டும் நிற்கும்.

தேநீரின் மணமும் சாயமும் கொதிநீர் பட்ட சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடுகின்றன. கடுந்துவர்ப்பைத் தரும் பொருள்கள் அதற்குப் பின்னரும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும. ஆகவே, நேரம் பார்த்து வடித்தல் குளிர்ந்த தேநீருக்கு முதல் விதி. சூடான தேநீரிலே பாலும் சீனியும் ஒரு பிழையை மறைத்துவிடக்கூடும். குளிர்ந்த தேநீரிலே பால் இல்லை, பிழை மறையாது.

தேயிலைக்கு மற்றோர் இயல்பும் உண்டு. நன்றாக இறங்கிய சாயத்தை ஆறவைத்தால், தெளிவாக இருந்த நீர் சற்று நேரத்தில் கலங்கி, பால் சிறிது கலந்தாற்போல் மங்கிவிடும். தேநீர் கெட்டுவிட்டதென எண்ணி அதைக் கொட்டிவிடுவோர் உளர். உண்மையில் அது கெடுதலன்று. தேயிலையிலுள்ள கபேன் என்னும் பொருளும், சாயத்துக்கு நிறமும் விறுவிறுப்பும் தரும் பொருள்களும் சூட்டிலே தனித்தனியே கரைந்திருக்கும். குளிரிலே ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாகித் திரளும். தேயிலையைச் சுவைத்துத் தரம் காண்போர், ஆறும்பொழுது இவ்வாறு ஆடை கட்டும் சாயத்தைக் கண்டு மகிழ்வர். அது வலிமையான தேயிலையின் அடையாளம். ஆயின், கண்ணாடிக் குவளையிலே தெளிந்த பொன்னிறத்தை விரும்புவோர்க்கு அதுவே குறையாகத் தோன்றும். குறையைத் தவிர்க்க வழி எளிது. சாயத்தை மிகக் கடுமையாக இறக்கலாகாது. கொதிக்கும் சாயத்தின்மேல் உடனே பனிக்கட்டியைக் கொட்டலாகாது. முதலிலே சாதாரண நீரைச் சேர்த்து மெல்ல ஆறவிட்டு, அதன் பின்னரே குளிரச் செய்ய வேண்டும். அவ்வளவும் செய்த பின்னும் கலங்கினால், சிறிதளவு கொதிநீரைச் சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நீரும் கவனிக்கத்தக்கது. மலை ஊற்றுக்களின் நீர் மென்மையானது. அதிலே சாயம் ஒளியுடன் இறங்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நீர் சுண்ணக்கற் பாறைகளினூடே ஊறி வருவதால் வன்மையானது. அதிலே சாயம் மங்கும். மேலே ஓர் ஆடையும் மிதக்கும். வட்டகொடையிலே மணந்த அதே தேயிலை வலிகாமத்திலே மங்கி நிற்பதற்குப் பொறுப்பு நீருடையது. அங்குள்ளோர் தேசிச் சாறு சில துளி சேர்த்தால் ஆடை மறையும். நிறமும் வெளுத்துத் துலங்கும். புளிப்புப் பட்டவுடன் தேநீரின் கருமை நீங்கிப் பொன்னிறமாவதைச் சிறுவர்கள் கண்டு வியப்பர். அதுவே ஒரு சிறு விஞ்ஞானப் பாடம்.

இப்பொழுது செய்முறை. எழுதுகோலும் தாளும் வைத்திருக்கும் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். இங்கே கூறப்படும் அளவு ஒரு லீற்றருக்கு, அதாவது ஐந்து குவளைக்கு உரியது.

தேயிலை பத்துக் கிராம். ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. கொதிநீர் அரை லீற்றர். கொதித்து ஆறிய நீர் 350 மில்லிலீற்றர். சீனி நான்கு மேசைக்கரண்டி; ஏறத்தாழ ஐம்பது கிராம். பழச்சாறு 150 மில்லிலீற்றர்.

நீர் நன்றாகக் கொதித்தவுடன் பாத்திரத்தை இறக்கித் தேயிலையை இட்டு மூட வேண்டும். தேயிலையோடு சேர்த்து நீரைக் கொதிக்கவிடல் வேண்டா. இலைத் தேயிலையாயின் நான்கு நிமிடம். தூளாயின் இரண்டு நிமிடம். கடிகாரம் இல்லாதவர்கள் நூற்றிருபதுவரை நிதானமாக எண்ணினால் இரண்டு நிமிடம் ஆகிவிடும். நேரம் முடிந்ததும் மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். சக்கையைப் பிழியலாகாது, பிழிந்தால் துவர்ப்பெல்லாம் வந்துசேரும். வடித்த சாயம் சூடாக இருக்கும்பொழுதே சீனியை இட்டுக் கரைக்க வேண்டும். குளிர்ந்த நீரிலே சீனி மெல்லவே கரையும், அடியிலே தங்கிவிடும். அடியிற் கிடப்பதை அறியாமல் மேலும் மேலும் சீனி இடுவோர் பலர். சீனி கரைந்ததும் ஆறிய நீரைச் சேர்த்து, மூடி வைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட வேண்டும். அதன் பின்னரே பழச்சாறு சேர்க்கலாம். கொதிக்கும் சாயத்திலே பழச்சாற்றை ஊற்றினால் பழத்தின் மணம் ஆவியோடு போய்விடும். விற்றமின் சி என்னும் உயிர்ச்சத்தும் குன்றும்.

பால் சேர்க்கலாகாது என்பதைக் கூற வேண்டுவதில்லை. புளிப்புப் பட்டால் பால் திரைந்துவிடும். அலுமினியப் பாத்திரத்திலே புளிப்பான பழத்தேநீரை வைத்திருக்கவும் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர், மட்பாண்டம் ஆகியவை ஏற்றவை. கண்ணாடிப் போத்தலில் கொதிக்கும் சாயத்தை ஊற்றினால் போத்தல் வெடித்துவிடக்கூடும். ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும்.

அடுத்துப் பழங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பு உண்டு.

தேசிப்பழம் எல்லார்க்கும் எளிதிற் கிடைப்பது. சாறு நிறைந்த பழம் இரண்டு போதும்; சாறு குறைவாதலின் எஞ்சிய அளவுக்கு நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். தோலை அழுத்திப் பிழிந்தால் கசப்பு இறங்கும். பெருவிரலளவு இஞ்சியை நசுக்கி, தேயிலை இடுமுன்னர் கொதிநீரில் இட்டுவைத்தால், தேசியின் புளிப்பும் இஞ்சியின் காரமும் ஒத்துச் செல்லும்.

அன்னாசிப்பழம் நன்றாகப் பழுத்ததாயின் கால் பழம் போதும். சிறு துண்டுகளாக்கி நசுக்கித் துணியிற் பிழிந்தால் சாறு கிடைக்கும். அதன் இனிமை மிகுதியாதலின் சீனியில் ஒரு கரண்டியைக் குறைக்கலாம். இதற்குத் தேசிச் சாறு சில துளி துணை நின்றால் சுவை எழும்.

கொடித்தோடைப்பழம் நான்கு எடுத்து, உள்ளீட்டைச் சுரண்டி, ஒரு தேக்கரண்டி சீனியுடன் கலந்து, வடிதட்டில் தேய்த்து விதை நீக்க வேண்டும். மலைநாட்டுத் தேயிலையின் மணத்தோடு இப்பழத்தின் மணம் இயல்பாகவே இணையும். பழங்களுள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமாயின் இதனைத் தெரியலாம்.

மரத்தக்காளி நுவரெலியாப் பகுதிக்கு உரிய பழம். அதன் தோல் கசக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தினால் தோல் எளிதில் உரியும். உரித்த பழம் மூன்றை மசித்து வடித்தால், சாயத்துக்கு அழகிய செந்நிறம் ஏறும்.

இறுதியாகக் கொய்யா. தோட்டத்து வீடுகளின் பின்புறத்திலே சிறுவர்கள் கல்லெறிந்து வீழ்த்தும் எளிய பழம் அது. ஆயினும், விற்றமின் சி என்னும் சத்திலே தேசிப்பழம் அதனருகே நிற்க முடியாது. நிறைக்கு நிறை பல மடங்கு மிகுதி. பழுத்த கொய்யா இரண்டை நீர்விட்டு மசித்து, விதை போக வடித்துச் சேர்த்தால், பானம் சற்றுக் கலங்கலாக இருக்கும், மணத்துக்குக் குறைவிராது. விலை கொடுத்து வாங்க வேண்டாத பழம் இதுவே.

குளிரூட்டும் முறை அடுத்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளிலே வேறொரு வழியும் உண்டு. கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றரில் பத்துக் கிராம் இலைத் தேயிலையை இட்டு மூடி, இரவு முழுவதும், ஏறத்தாழ எட்டு மணி நேரம், பெட்டியிலே வைத்துக் காலையில் வடித்தால், கசப்பும் கலங்கலும் மிகக் குறைந்த மெல்லிய தேநீர் கிடைக்கும். குளிர்நீர் துவர்ப்புப் பொருள்களை அவ்வளவாக இறக்குவதில்லை. இம்முறைக்குத் தூள் பொருந்தாது. சீனியைச் சிறிது கொதிநீரில் தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும்.

பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானை உதவும். ஈரத்துணி சுற்றிய பானையில் நீரை வைத்து, அந்நீரினுள்ளே தேநீர்ப் போத்தலை அமிழ்த்திக் காற்றோட்டமான நிழலில் வைத்தால், பானையிலும் துணியிலும் கசியும் நீர் ஆவியாகும்பொழுது வெப்பத்தை எடுத்துச்செல்லும். காற்று வறண்டிருக்கும் தை, மாசி மாதங்களில் இது நன்கு பயன்படும். தென்மேற்குப் பருவ மழையிலே, மூடுபனி சூழ்ந்த நாள்களில் பயன் குறையும். அந்நாள்களில் குளிர்ந்த தேநீரை எவரும் தேடப் போவதுமில்லை. ஓடும் ஊற்று நீரிலே மூடிய போத்தலைக் கட்டி வைத்தலும் நல்ல வழி.

தூய்மை பற்றிய எச்சரிக்கை இங்கே இன்றியமையாதது. நீர் உறைவதனாற் கிருமிகள் இறந்துவிடுவதில்லை. ஆகவே பனிக்கட்டியும் கொதித்து ஆறிய நீரிலேயே ஆக்கப்பட வேண்டும். வெதுவெதுப்பான நீரிலே தேயிலையை இட்டு மணிக்கணக்காக வெயிலில் ஊறவைக்கும் முறை சில நாடுகளில் உண்டு. அந்தச் சூடு கிருமிகளைக் கொல்லாது, வளர்க்கும். அதனைக் கைக்கொள்ள வேண்டா. பழச்சாறு சேர்ந்த தேநீரைப் பெட்டி இல்லாத வீட்டிலே அன்றைய நண்பகலுக்குள் அருந்திவிடுதல் நன்று. பெட்டியில் வைத்தாலும் மறுநாளைக்கு மேல் வைத்திருத்தல் தகாது. போத்தலைக் கொதிநீர்விட்டுக் கழுவிய பின்னரே மீண்டும் நிரப்ப வேண்டும்.

இனி உடல்நலம் பற்றிச் சிறிது கூறாவிடின் இப்பேச்சு நிறைவுறாது.

முதலாவது சீனி. குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மழுங்கச் செய்யும். சூட்டிலே போதுமான சீனி குளிரிலே போதாததாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குக் கீழே வைத்திருத்தல் நலம் பயக்கும். மேலே கூறிய அளவில் ஒரு குவளைக்குப் பத்துக் கிராம் வருகின்றது. இரண்டு குவளை பருகினாலே இருபது கிராம். எனவே, வாரந்தோறும் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நா அதற்கேற்பப் பழகிவிடும். வடபகுதியிலே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகும் வழக்கம் உண்டல்லவா? அதன் சிறப்பும் இதுவே. சிறு துண்டு பனங்கட்டி ஒரு குவளை முழுவதற்கும் போதுமாகின்றது. நீரிழிவு உள்ளோர் சீனியை நீக்கிப் பழச்சாற்றின் சுவையோடு மட்டும் அருந்துதல் வேண்டும்.

இரண்டாவது, இதனினும் முக்கியமானது. தோட்டத்துப் பெண்களிடையே குருதிச்சோகை நெடுங்காலமாக உள்ள குறை. குருதிக்கு வேண்டிய இரும்புச்சத்தைக் கீரையும் பருப்பும் தானியமும் தருகின்றன. ஆயின், உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அவ்விரும்புச்சத்தைப் பிணைத்து, உடலிற் சேரவிடாமல் தடுக்கின்றன. தென்னாபிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தப்பெற்று 1975ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. சோற்றையும் ரொட்டியையும் தேநீருடன் உண்டபொழுது இரும்புச்சத்து உடலிற் சேரும் அளவு வெகுவாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்தினால் அத்தடை கணிசமாகத் தளர்கின்றது என்று கண்டது.

காலையிலே ரொட்டியும் சம்பலும் உண்டு, உடனே தேநீரும் குடித்து மலைக்கு ஓடுவதே தோட்டத்து வழக்கம். நேரமில்லை என்பது உண்மை. ஆனால், அந்தத் தேநீரைப் பத்து மணிக்குரிய போத்தலோடு சேர்த்துக்கொண்டால், உணவுக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளி தானாகவே கிடைக்கும். காலை உணவோடு தண்ணீர் பருகி, வாய்ப்புள்ளபொழுது ஒரு துண்டு கொய்யாவையும் உண்டால் நன்மை இரட்டிப்பாகும். ஏனெனில் விற்றமின் சி, இரும்புச்சத்து உடலிற் சேர்வதற்குத் துணைபுரியும். பழம் சேர்த்த தேநீர் துவர்ப்பின் தடையை ஓரளவு குறைக்குமேயன்றி முற்றாக நீக்காது. ஆகவே பழம் சேர்த்தோம் என்று உணவோடு தேநீரை அருந்திவிடல் ஆகாது. குருதிச்சோகைக்கு மருந்து உட்கொள்ளும் தாய்மார் மாத்திரையைத் தேநீருடன் விழுங்கவே கூடாது. தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும்.

பத்து மணிக்குப் போத்தல் திறக்கப்படும்பொழுது அதிலுள்ள தேநீர் கசந்தால், அதை விரும்பி அருந்துவார் எவருமிலர். காலையிலேயே சூடாகக் குடித்துவிட்டுப் போகலாம் என்றே மனம் எண்ணும். தேநீர் இனிதாயின், காத்திருக்க மனம் இசையும். சுவையும் நலமும் இவ்விடத்திலே ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவான அவர், தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலத்திற் பாடியும் எழுதியும் உலகறியச் செய்தார். அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தேயிலையின் கதையைப் பேசுவோர் தோட்டங்களையும் துரைமாரையும் மட்டும் பேசிய காலத்திலே, கொழுந்தைக் கொய்தவர்களையும் பேச வேண்டுமென அவர் உணர்த்தினார். அவர் பிறந்த மண்ணிலே இன்றும் ஒரு தலைமுறை கொழுந்து கொய்கின்றது. தேயிலையை எப்பொழுது கொய்வது, எந்தக் கொழுந்தை விடுவது, எந்த வெயிலுக்கு எந்த மணம் எழும் என்பன அப்பெண்களின் விரல்களுக்குத் தெரியும். அதன் சுவையையும் அவர்களுடைய நா அறிந்திருத்தல் நியாயமே.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. தேயிலை முன்னர் இட்ட அளவே. சில வீடுகளில் அதனினும் குறைவு. கொதிக்கவைக்காமல் மூடிவைத்தமையால் விறகும் மிஞ்சும். கூடுதலாக வேண்டியவை ஒரு பழமும், இரண்டு நிமிட நேரம் பொறுத்து வடிக்கும் கவனமுமே. பாடசாலை செல்லும் பிள்ளைகளும் விடுமுறை நாளில் இதனைச் செய்து பழகலாம். கொதிநீரை மட்டும் பெரியோர் கையாள வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்பொழுது சாயத்தைப் பாதியாகக் குறைத்துப் பழச்சாற்றை மிகுதியாக்குதல் நன்று. மிகச் சிறு குழந்தைகளுக்குத் தேநீரே வேண்டுவதில்லை.

நாளைக் காலை வட்டகொடை மலையிலே பனி விலகும். போத்தல்கள் வழக்கம்போல் கல்லிடுக்கிலே காத்திருக்கும். அவற்றுள் ஒன்றிலேனும், நேரம் பார்த்து வடித்து, கொய்யாச் சாறு கலந்து, முதல் நாளிரவின் குளிரிலே ஆற்றிய தேநீர் இருக்குமாயின், பத்து மணிக்கு அதைத் திறப்பவர் முகஞ்சுளிக்கமாட்டார். பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் ஒரு மிடறு கொடுப்பார். அவ்வாறே இச்செய்முறை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பரவும்.